உடுக்குறி போட்ட வானம்

தொல் ஸ்லாவிய மொழியில் வானத்துக்கு *நெபொ என்று பெயர். முன்னால் இந்த நட்சத்திர அடையாளம் (*), அதாவது உடுக்குறி நின்றால், இந்தச் சொல் எந்த ஏட்டிலும் கல்லிலும் கிடைக்கவில்லை, ஆய்வாளர்கள் மீட்டெடுத்தது என்று அர்த்தம். அந்த மொழியைப் பேசியவர்களிடம் எழுத்து கிடையாது. ரஷ்யன், உக்ரேனியன், போலிஷ், செக், செர்பியன், ஸ்லோவீன், பல்கேரியன் என்று அதன் வழிவந்த மொழிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒலிகள் மாறிய விதத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, ‘இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்’ என்று எழுதுகிறார்கள். எழுதிவிட்டு மனசாட்சிக்காக ஒரு உடுக்குறி. இந்த வழக்கத்தைப் பரப்பியவர் அவுகுஸ்ட் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர். தன்னம்பிக்கை கொஞ்சம் ஜாஸ்தியான மனிதர். 1868இல், தான் மீட்டெடுத்த தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியிலேயே (ஸ்லாவியம், சமஸ்கிருதம், கிரேக்கம் எல்லாவற்றுக்கும் மூதாதை அது) ஒரு செம்மறியாட்டையும் சில குதிரைகளையும் வைத்துக் குட்டிக் கதை ஒன்று எழுதினார். அப்புறம் வந்தவர்கள் அந்தக் கதையைத் தங்கள் தங்கள் கொள்கைப்படி திருத்தி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு தலைமுறையின் கதை அடுத்த தலைமுறைக்கு வேற்று மொழி மாதிரி இருக்கிறது.

என் நண்பர் ஒருவருக்கு இந்த உடுக்குறி சமாச்சாரமே பிடிக்காது. “யாருமே கேக்காத ஒரு வார்த்தைய நீங்களா செஞ்சுக்கிட்டு, அதுக்கு ஏழு வேற்றுமை, ஒருமை, இருமை, பன்மைன்னு இலக்கணம் வேறயா?” என்று கேட்டார். சொல்லைக்கூட விட்டுவிடலாம், இலக்கணம் எப்படித் தெரியும் என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான், அதனால்தான் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. யோசிக்க யோசிக்க எனக்குத் தோன்றுவது நேர் எதிராக இருக்கிறது. *நெபொ விஷயத்தில் இலக்கணம்தான் கெட்டியாக இருக்கிறது. அகராதியில் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்களே, அந்த முதல் வேற்றுமை வடிவம், அதன் கடைசி எழுத்தில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை.

நெபெஸா

ரஷ்யன் படிக்கிறவர்கள் ஆரம்பத்திலேயே இந்தச் சொல்லில் இடறுவார்கள். அந்த மொழியில் ஒ என்று முடியும் அஃறிணைப் பெயர்கள் பன்மையில் சாதுவாக ஆ என்று மாறிவிடும். ஸ்லோவொ என்றால் சொல், ஸ்லொவா என்றால் சொற்கள். அந்தக் கணக்கில் நெபொ பன்மையில் நெபா ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, நெபெஸா என்று வருகிறது. அதிசயத்தைக் குறிக்கும் சூதொவும் அப்படியே, பன்மை சுதெஸா. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இரண்டையும் பலகையில் எழுதி, “விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கோங்க” என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். விதிவிலக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் அரிக்கும். மொழியில் யாரும் உட்கார்ந்து விலக்கு அளிப்பதில்லை. எங்கேயாவது ஒரு பழைய விதி செத்துப்போய், அதன் பிள்ளைகள் மட்டும் ஊரில் திரிந்துகொண்டிருக்கும்.

தமிழ்க்காரர்களுக்கு இந்த எஸ்-ஐப் பார்த்ததும் நம்முடைய சாரியைதான் நினைவுக்கு வரும். மரம், மரத்தை, மரத்தில். வேற்றுமை உருபு ஒட்ட வரும்போது நடுவில் ‘அத்து’ வந்து உட்கார்வதுபோல, நெபொவுக்கும் ஆவுக்கும் நடுவில் எஸ் வந்து உட்கார்கிறது என்று. பார்வைக்கு அப்படியேதான் இருக்கிறது. பழைய திருச்சபை ஸ்லாவிய மொழியின் வாய்பாட்டைப் பார்த்தால் இந்த எண்ணம் இன்னும் வலுக்கும். கிரில், மெத்தோடியஸ் சகோதரர்கள் 863இல், இன்றைய செக் நாட்டுப் பக்கம் இருந்த மொராவியாவுக்குக் கிளம்பிப்போய் வேதத்தை மொழிபெயர்க்க ஆரம்பித்தார்களே, அந்த மொழி. ஸ்லாவிய மொழிகளில் முதன்முதலாக எழுத்தில் ஏறியது அதுதான், தொல் ஸ்லாவியத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. அதில் முதல் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் மட்டும் நெபொ. ஆறாம் வேற்றுமை நெபெஸெ, நான்காம் வேற்றுமை நெபெஸி, இருமை நெபெஸே, பன்மை நெபெஸா, பன்மையின் ஆறாம் வேற்றுமை நெபெஸு. கடைசியில் வரும் அந்த உ நம்முடைய குற்றியலுகரத்தைவிடவும் குறுகலானது, பின்னால் பெரும்பாலான மொழிகளில் அடியோடு போய்விட்டது. ஆக, எங்கே பார்த்தாலும் எஸ். அது இல்லாத இடம் அந்த ஒரே மூலைதான்.

இந்த ஆறாம் வேற்றுமையை மட்டும் எடுத்து அண்டை அயல் மொழிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஸ்லாவியத்தில் நெபெஸெ. சமஸ்கிருதத்தில் முதல் வேற்றுமை நபஸ், ஆறாம் வேற்றுமை நபஸஸ். ஹோமரின் கிரேக்கத்தில் முதல் வேற்றுமை நெஃபோஸ், ஆறாம் வேற்றுமை நெஃபெஓஸ். கிரேக்கத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் அகப்படும் ஸகரம் காணாமல் போய்விடும் என்பது தெரிந்த விதி, நெஃபெஓஸில் எயும் ஓவும் ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்பதே அது இருந்த இடம். சமஸ்கிருதத்தில் பழைய எ, ஒ இரண்டும் அகரமாகிவிட்டதால் எல்லாம் ஒரே அகரமாகக் கேட்கிறது. இந்த இரண்டையும் கழித்துவிட்டால் மூன்றும் ஒன்றே. முதல் வேற்றுமையில் -ஒஸ், மற்ற வேற்றுமைகளில் -எஸ். அதாவது எஸ் என்பது நடுவில் வந்து உட்கார்ந்த சாரியை கிடையாது, ஆதியிலேயே சொல்லோடு பிறந்த பாகம். முதல் வேற்றுமையிலும் அது இருந்தது. ஸ்லாவியம் ஒரு கட்டத்தில் சொல்லின் கடைசியில் நிற்கும் மெய்களையெல்லாம் கழித்துக்கட்டியது, அதில் நெபொஸின் ஸ் போனது. பின்னால் உயிர் இருந்த இடங்களில் ஸகரம் பிழைத்துக்கொண்டது. நாம் அசல் என்று நினைக்கும் நெபொ வால் அறுந்த வடிவம், ஒட்டுப்போட்டது என்று நினைத்த நெபெஸாதான் முழுசாக வந்தது.

இதற்கு மேல் ஒரு சாட்சி களிமண்ணிலிருந்து வந்தது. துருக்கியில் போகாஸ்கொய் என்ற இடத்தில் 1906இல் தொடங்கிய அகழாய்வில் ஆயிரக்கணக்கான ஆப்பெழுத்துப் பலகைகள் கிடைத்தன. அவற்றின் மொழி ஹிட்டைட், அது இந்தோ-ஐரோப்பிய மொழிதான் என்று 1915இல் அறிவித்தவர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி, ஒரு செக்காரர். அந்த மொழியில் வானம் நேபிஸ், ஆறாம் வேற்றுமை நேபிஸஸ். நபஸ், நெஃபோஸ், நெபொ மூன்றும் ஒரே குடும்பம் என்று அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே சொல்லியாகிவிட்டது, அப்போது ஹிட்டைட் என்று ஒரு மொழி படிக்கப்படும் என்று யாருக்கும் தெரியாது. மூவாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த பலகை, கேட்காமலே வந்து அதே எஸ்-ஐச் சொல்கிறது. ஹ்ரோஸ்னியின் தாய்மொழியான செக்கில் வானம் நெபெ, பன்மை நெபெஸா. நண்பருக்கு நான் சொல்ல விரும்பிய முதல் பதில் இதுதான். சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகலாம், கடன் வாங்கியும் ஒத்துப்போகலாம், ஆனால் ஒரு சொல் எந்த வேற்றுமையில் எந்த இடத்தில் மாறுகிறது என்ற ஒழுங்கு நாலு மொழியில் ஒன்றுபோல இருந்தால் அதைக் கற்பனை என்று தள்ள முடியாது.

அந்தக் கடைசி ஒ

சரி, சிக்கலுக்கு வருவோம். *நெபொவின் கடைசியில் ஏன் ஒ இருக்கிறது? -ஒஸ் என்பதில் ஸ் போனால் ஒ மிஞ்சும், இதில் என்ன கேள்வி என்று தோன்றும். கேள்வி ஓநாயிடமிருந்து வருகிறது. ஓநாய்க்கான பழைய இந்தோ-ஐரோப்பியச் சொல்லும் -ஒஸ் என்றுதான் முடியும். கிரேக்கத்தில் லுகோஸ், சமஸ்கிருதத்தில் வ்ருகஸ், லிதுவேனியனில் வில்காஸ். ஸ்லாவியத்தில் மட்டும் அது வில்கொ ஆகவில்லை, அந்தக் குறுகிய உகரத்தோடு வில்கு என்று முடிகிறது. ஆண்பால் பெயர்களில் -ஒஸ் உகரமாகிறது, அஃறிணையான வானத்தில் அதே -ஒஸ் ஒகரமாக நிற்கிறது. ஒலிவிதிக்குப் பால் பார்த்து நடக்கத் தெரியாது. இரண்டில் ஏதோ ஒன்று ஒலிவிதியால் வந்ததல்ல.

ஒரு கட்சி, உகரம்தான் நேர்மையான விளைவு என்கிறது. அப்படியானால் வானம் நெபு ஆகியிருக்க வேண்டும், ஆனால் ‘அது’ என்று சுட்டும் தொ என்ற அஃறிணைச் சுட்டைப் பார்த்து ஒகரத்தை வாங்கிக்கொண்டது. அஃறிணைப் பெயர்கள் உகரத்தில் முடிந்தால் ஆண்பாலோடு கலந்துவிடும் என்ற ஆபத்தும் உண்மையானதுதான். லத்தீனில் ஃபோரும் அஃறிணை, அதன் ஸ்லாவிய உறவான த்வொரு, அதாவது முற்றம், ஆண்பால். அதன் பழைய அஃறிணை ஈறான -ஒம் உகரமானதும் அது அந்தப் பக்கம் போய்விட்டது. இன்னொரு கட்சி தலைகீழாகச் சொல்கிறது. -ஒஸ் ஒகரமாவதுதான் விதி, நெபொ விதிப்படி வந்த சொல், பிறழ்ந்தது ஓநாய்தான். ஆண்பாலில் இரண்டாம் வேற்றுமையின் -ஒம் உகரமாகி, அந்த வடிவமே முதல் வேற்றுமை நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது என்பது இவர்கள் வாதம்.

எனக்கு இரண்டாவது கட்சிப் பக்கம்தான் சாய்வு, அதற்குக் காரணம் ஒரு பூட்டு. வடமேற்கு ரஷ்யாவில் நோவ்கொரோத் நகரின் சேற்றுமண்ணிலிருந்து பூர்ஜமரப் பட்டையில் கீறிய கடிதங்கள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. முதல் கடிதம் 1951 ஜூலை 26 அன்று வெளிப்பட்டது, இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கடன் பாக்கி, மீன், உப்பு, வழக்கு, கல்யாணம் என்று ஊர் ஜனங்களின் அன்றாடம். 247ஆம் எண் கடிதம் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதில் ‘ஸாமுகெ கேலெ, த்வெரி கேலே’ என்று ஒரு வரி வருகிறது. முதலில் படித்தவர்கள் கேலெ என்பதைத் துறவிகள் தங்கும் சிற்றறை என்று எடுத்துக்கொண்டார்கள். ரஷ்ய மொழியியலாளர் ஆந்த்ரெய் ஸலிஸ்ன்யாக் அதை வேறு மாதிரி படித்தார். மற்ற ஸ்லாவிய மொழிகளில் ‘முழுசாக’ என்பதற்கு த்ஸேல் என்ற சொல் இருக்கிறது, அதன் த்ஸ் ஒரு காலத்தில் ககரமாக இருந்து மாறியது என்பது பாடப்புத்தக விஷயம். நோவ்கொரோத்தில் அந்த மாற்றமே நடக்கவில்லை என்றால்? பூட்டு உடையாமல் இருக்கிறது, கதவு உடையாமல் இருக்கிறது. அவ்வளவுதான் செய்தி. திருட்டுப் புகார் ஒன்றில் யாரோ தன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறார்.

இந்த வரியின் பெரிய புகழ் அந்தக் ககரத்துக்காகத்தான். என் கண் போனது ஸாமுகெ என்ற எகரத்தின் மேல். பூட்டு ஆண்பால், எழுவாயாக நிற்கிறது, மற்ற ஊர்களில் ஸாமுகு என்று உகரத்தில் முடியும். நோவ்கொரோத்தில் எழுவாய்க்கு எகரம், செயப்படுபொருளுக்கு உகரம் என்று இரண்டும் தனித்தனியாக இருந்தன. அப்படியென்றால் தொல் ஸ்லாவியத்தில் இரண்டு வேற்றுமையும் ஒலி அளவில் ஒன்றாகிவிட்டன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. மற்ற இடங்களில் முதல் வேற்றுமையில் காணும் உகரம் இரண்டாம் வேற்றுமையிடமிருந்து வந்தது என்ற வாதத்துக்கு இது பலம் சேர்க்கிறது. அப்போது நெபொவின் ஒகரம் சந்தேகத்திலிருந்து விடுபடுகிறது. ஆனால் -ஒஸ் ஒகரமாகும் என்றால் நோவ்கொரோத்துக்காரர்கள் ஸாமுகொ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும், அந்த எகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அறிஞர்களே ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஸலிஸ்ன்யாக் 2017இல் காலமானார். எகரத்தின் வழக்கு இன்னும் நடக்கிறது.

மேகமா வானமா

பொருள் விஷயத்திலும் இந்தச் சொல் ஒரு சேட்டை செய்திருக்கிறது. கிரேக்க நெஃபோஸ் மேகம். லத்தீன் நெபுலா பனிமூட்டம், ஜெர்மன் நேபெலும் அதேதான். சமஸ்கிருத நபஸுக்கு மூடுபனி, மேகம், வானம் எல்லாப் பொருளும் உண்டு. மழைக்கால மாதங்கள் இரண்டுக்கு நபஸ், நபஸ்ய என்று பழைய பெயர்கள் இருந்ததைப் பார்த்தால் ஈரம்தான் அடிப்படை என்று தெரிகிறது. ஸ்லாவியர்களும் ஹிட்டைட்டுகளுமோ ஒரேயடியாக வானத்துக்குப் போய்விட்டார்கள். மேகம் மூடிய நாட்டில் தலைக்கு மேலே பார்த்தால் தெரிவது மேகம்தான், அதையே வானம் என்று சொல்லிவிட்டார்கள் என்று எளிதாக விளக்கிவிடலாம், ஆனால் ஹிட்டைட்டுகள் வாழ்ந்த அனடோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், அப்படி ஒன்றும் ஓயாத மூட்டம் கிடையாது. அதனால் எனக்கு அந்த விளக்கத்தில் திருப்தி இல்லை. எப்படியோ, நெபொ வானத்துக்குப் போனபின் மேகத்துக்குப் புதிதாக ஒரு சொல் வேண்டியிருந்தது. சுற்றி இழுத்துப் போர்த்தியது என்ற பொருளில் ஓப்லாகு என்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.

ஸ்லாவியத்துக்குப் பக்கத்து வீடான பால்டிக் மொழிகளில் இந்தக் குழப்பம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. லிதுவேனியனில் தெபெஸிஸ் என்றால் மேகம், எல்லை தாண்டி லாத்வியனில் தெபெஸ் என்றால் வானம். சொல்லின் முதலில் ந என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டிலும் தகரம் நிற்கிறது. வானத்துக்கான லிதுவேனியச் சொல் தாங்குஸ், அதைப் பார்த்துத் தகரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள். ஹிட்டைட்டின் தங்கையான லூவிய மொழியிலும் வானம் தப்பஸ் என்று தகரத்தில் தொடங்குகிறது, அங்கே எந்தத் தாங்குஸ் வந்து ஒட்டியது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் முதலெழுத்து மாறினாலும் எஸ் மட்டும் அசையவில்லை. தெ-பெ-ஸ் என்று அந்த ஸகரம் அப்படியே இருக்கிறது.

பிழைத்த இடங்கள்

இன்றைய ஸ்லாவிய மொழிகளில் ஆறாம் வேற்றுமை பெரும்பாலும் நெபா என்று சாதுவாகிவிட்டது, நெபெஸெ போய்விட்டது. பன்மையில் எஸ் தங்கியதற்கு மாதா கோயிலும் ஒரு காரணம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் கிரேக்க மூலத்தில், பிதா இருக்கும் இடம் பன்மையில் வருகிறது, வானத்துக்கான எபிரேயச் சொல் எப்போதும் பன்மையிலேயே வரும் என்பதால். அடுத்த வசனத்தில் ‘பூமியிலேயும்’ என்று சொல்லும் இடத்தில் ஒருமை. திருச்சபை ஸ்லாவியம் இதை அப்படியே காப்பாற்றி முதலில் நெபெஸேஹ், பிறகு நெபெஸி என்கிறது. நம்மூர் ஜெபத்தைச் சொல்லிப் பாருங்கள், முதலில் பரமண்டலங்களில், பிறகு பரமண்டலத்திலே. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொன்னவர்களும் கவனித்திருக்க மாட்டார்கள். இதனாலேயே ஸ்லாவிய மொழிகள் பலவற்றில் நெபெஸா என்ற பன்மைக்கு மேலுலகம், சொர்க்கம் என்ற வாசனை வந்துவிட்டது.

ரஷ்யனில் கோயிலின் கை இன்னும் ஆழமாகப் பட்டிருக்கிறது. அந்த மொழியின் ஒலிவிதிப்படி, அழுத்தம் விழும் எகரம் வல்லோசை மெய்க்கு முன் ஓகாரமாகும், அதாவது வானம் நியோபொ ஆகியிருக்க வேண்டும். நியோபொ என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு வாய்க்குள் இருக்கும் அண்ணம் என்று பொருள். ஊர் வழக்கில் மாறிய சொல் வாய்க்குள் தங்கிவிட, பாதிரிமார் வாசித்த பழைய உச்சரிப்பு மேலே இருக்கும் வானத்தை எடுத்துக்கொண்டது.

பெயரடைகளில் எஸ் கோயிலின் தயவு இல்லாமலே நிற்கிறது. 2014இல் கீவ் நகரில் போராட்டத்தில் கொல்லப்பட்டவர்களை உக்ரேனியர்கள் ‘நெபெஸ்னா சோத்ன்யா’, வானுலக நூற்றுவர் என்று அழைக்கிறார்கள். போலிஷில் நியெபியெஸ்கி என்றால் வெறும் நீல நிறம். நீலச் சட்டை, நீலப் பேனா, எல்லாவற்றுக்கும் அதுதான், சொல்லும்போது யாருக்கும் வானம் ஞாபகம் வராது, ஹிட்டைட்டுப் பலகையில் இருந்த அதே ஸ் உள்ளே இருப்பதும் தெரியாது. புதிதாகச் சொல் கட்டும்போது மட்டும் மொட்டை நெபொவையே எடுக்கிறார்கள். வானளாவிய கட்டடத்துக்குக் குரோவேஷியனில் நெபொதெர், வானத்தைக் கிழிப்பது. யாரும் நெபெஸொதெர் என்று வைக்கவில்லை. பழைய கட்டுமானத்தில் எஸ், புதியதில் வெறும் ஒ. ஒரு கூட்டுச்சொல்லின் வயசைக் கணிக்க இது கையில் கிடைத்த நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன், நூறு சதவீதம் பிசகாது என்று சொல்ல வரவில்லை.

இந்த எஸ் வகைப் பெயர்கள் தொல் ஸ்லாவியத்திலேயே சிறுபான்மைதான். வானம், சொல், அதிசயம், உடல், சக்கரம் என்று விரல்விட்டு எண்ணலாம். பெரும்பான்மை ஒகரப் பெயர்கள் அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. ரஷ்யனில் சக்கரத்துக்கு நேர்ந்தது வேடிக்கை. முதல் வேற்றுமையான கொலொ மறைந்து, மற்ற வேற்றுமைகளில் இருந்த எஸ்-ஐ வைத்தே கொலெஸொ என்று புதிதாக முதல் வேற்றுமை பிறந்தது. பழைய கொலொ, ‘அருகில், சுமார்’ என்று பொருள்படும் ஓகொலொவுக்குள் ஒளிந்துகொண்டது. ஸ்லோவீனில் நடந்தது இதற்கும் மேலே. அங்கே இந்த வகை சாகவில்லை, ஆள் சேர்க்க ஆரம்பித்தது. உடல் தெலொ, ஆறாம் வேற்றுமை தெலெஸா, அது பரம்பரைச் சொத்து. பேரொ என்றால் இறகு, எழுதுகோல். எஸ் வகைக்கும் அதற்கும் எந்தப் பூர்விகச் சம்பந்தமும் கிடையாது, அந்தச் சொல்லின் சமஸ்கிருத, கிரேக்க உறவுகளிடம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் ஸ்லோவேனியாவில் அதன் ஆறாம் வேற்றுமை பெரெஸா. இதை மட்டும் வைத்து ஒருவர் தொல் ஸ்லாவியத்தை மீட்டெடுத்திருந்தால் எழுதுகோலுக்கும் உடுக்குறி போட்டு ஒரு எஸ் கொடுத்திருப்பார். மற்ற மொழிகள் பக்கத்தில் நின்று தடுக்கின்றன. நண்பரிடம் அடுத்து இதைத்தான் காட்டப்போகிறேன், அவர் கட்சிக்கும் ஒரு பாயிண்ட் கிடைக்கட்டும்.